அமாவாசையன்று வந்த விரல்கள்

போன ஐப்பசியில் ஒருநாள் காலை காப்பித் தம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. இரண்டொரு நாளில் இரண்டு கைகளும் தோளிலிருந்து சும்மா தொங்கின. நரம்பு நோய் என்றார் டாக்டர். "திரும்ப வரலாம், நாளாகும். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

ஈசனை நம்பும் என் சொந்தங்களே, நான் செவிலிமேட்டில் வீட்டிலிருந்தே கிளவுட் வேலை செய்கிறவன். எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, அவற்றில் மென்பொருளைத் தடங்கலில்லாமல் ஓடவைப்பது என் பிழைப்பு. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மொபைல் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தபடி நானாகவே கற்றுக்கொண்டேன். தப்பு செய்தால் திருத்த ஆளில்லை என்பதால் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

விடியலில் குளித்துத் திருநீறு பூசி உட்கார்வேன். முதலில், முந்தின நாள் எடுத்துவைத்த சர்வர் நகலை வேறோர் இடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பேன். அது ஒழுங்காக ஓடினால்தான் அன்றைய வேலையைத் தொடுவேன். எதையும் அழிப்பதற்கு முன்னால், திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டுவேன். இது தறி வீட்டில் பிறந்ததால் வந்த பழக்கம். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார்வார்கள், உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். ஒருவர் குரல் கொடுக்காமல் மற்றவர் நூல் பாய்ச்சும் நாடாவை ஓட்டுவதில்லை. அமாவாசையன்று தறி ஓடாது. நானும் அன்று எந்த மாற்றமும் செய்ய மாட்டேன். "அண்ணனோட சர்வருக்கு இன்னிக்கு லீவு" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

இத்தனை ஒழுங்கும் கையோடு போய்விட்டதாகத்தான் நினைத்தேன். என் மனைவி மல்லிகா டவுனில் அவள் அண்ணன் வீட்டுத் தறியில் நெய்கிறாள். காலை பஸ் பிடித்தால் இருட்டும்போதுதான் வருவாள். எதிர்வீட்டு அக்கா எனக்கு மதியச் சோறு ஊட்டிவிடுவார். வளர்ந்த மனிதன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு அவமானம் என்று அப்போது தெரிந்தது. பல நாள் அழுதேன். பக்கத்து ஊரான மாகறலில் கோயில் கொண்ட ஈசனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "விரலைத் திருப்பிக் கொடு. வேறெதுவும் வேண்டாம்."

கார்த்திகை அமாவாசை வந்தது. தறிக்கு விடுமுறை. இருவரும் மாகறல் போவதாக இருந்தோம். மல்லிகா பூவும் எண்ணெயுமாகக் கிளம்பி நிற்கும்போது போன் அடித்தது. அவள் எடுத்து என் காதில் வைத்தாள்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு டயாலிசிஸ் மையத்தின் மேலாளர் அது. "அண்ணே, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. யாருக்கு ஒடம்புலேர்ந்து எவ்ளோ தண்ணி எடுக்கணும், இன்னா மருந்துன்னு ஒண்ணும் தெரியல. ஆளுங்க வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது."

எனக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ரயிலில் இருந்தார், அழைப்பு போகவில்லை. கோயிலுக்குப் போகிற நாளிலும் இப்படியா என்று ஈசன்மேல் கோபம் கோபமாக வந்தது. மல்லிகா பூவைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க, நான் தட்றேன்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் ஒற்றை விரலால் தட்டினாள். தட்டியதைத் திருப்பிப் படித்தாள். பழைய சர்வர் உறைந்துபோய்க் கிடந்தது. எனக்கு அந்தப் பெரியவரின் மூச்சுதான் காதில் கேட்டது.

"அத்த அழிச்சுடு மல்லி. புதுசா போட்டுக்கலாம். சீக்கிரம்."

அவள் விரலை எடுத்துவிட்டாள். "அழிக்கறதுக்கு முன்னாடி நகலை வேற எடத்துல ஓட்டிப் பாப்பீங்களே. தெனம் வாய்விட்டுச் சொல்றதக் கேட்டுக்கினுதான இருக்கேன். இன்னிக்கு மட்டும் இன்னா அவசரம்?"

"ஆளு செத்துப்போவும்."

"அதான் சொல்றேன்."

கண்ணை மூடி "அப்பனே" என்றேன். பிறகு நகலை வேறோர் இடத்தில் ஓடவிட்டோம். நான் குரல் கொடுக்க, அவள் தட்ட, அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரத்துக்குள் முந்தின நாள் வரைக்குமான விவரம் திரையில் வந்துவிட்டது. மேலாளர் போனிலேயே அழுதார். பெரியவருக்கு உடனே சிகிச்சை தொடங்கினார்கள்.

நண்பர் வந்து பழைய சர்வரைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று விடியலில் சிகிச்சை முடிந்து போனவர்களின் விவரம் அதில் மட்டும்தான் இருந்தது. நான் சொன்னபடி அழித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் தறியில் இருந்திருப்பாள். நான் என் விரலைக் கேட்டேன். ஈசன் அன்றைக்கு வேண்டிய விரலை என் வீட்டிலேயே, நகத்தில் சாயக் கறையோடு உட்காரவைத்திருந்தார்.

அன்று மாலை மாகறல் போனோம். சன்னதியில் தீபாராதனை. எல்லோரும் கைகூப்பினார்கள், என் கைகள் எழவில்லை. மல்லிகா என் இரண்டு கைகளையும் தூக்கி, தன் கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படி நன்றியில் அழுதது என் வாழ்க்கையில் முதல்முறை.

பங்குனிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் சோம்பேறி. வேலையை இப்போது நான் ஒருவனே கட்டிக்காப்பதில்லை. அமாவாசைதோறும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, மல்லிகாவே நகலை ஓட்டிப் பார்க்கிறாள். இப்போது இரண்டு விரலால் தட்டுகிறாள். நண்பருக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

நீங்களும் எதிலாவது மாட்டிக்கொண்டு தவிக்கிறீர்கள் என்றால், ஈசனிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் நீங்கள் நினைத்த வடிவில்தான் உதவி வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இப்போது என் கைகள் தாமாகவே குவியும். ஆனாலும் அமாவாசையன்று மாகறல் சன்னதியில் தீபம் காட்டும்போது, மல்லிகா பிடித்துச் சேர்த்துவைக்கட்டும் என்று நான் கையைத் தொங்கவிட்டபடியே நிற்கிறேன்.