எட்டாத சுரமும் லாண்டரி அக்காவும்

தெருமுனை லாண்டரியை நடத்தியவரை எல்லோரும் லாண்டரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டிய மருந்துக்கடைக்காரர்கூட அப்படித்தான். அப்பா விட்டுப்போன கடை அது. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டதில், கல்யாண வயது எப்போது வந்தது, எப்போது போனது என்று அக்காவுக்கே தெரியவில்லை. அம்மா போனபின் மாடி வீட்டில் அவரும் ஒரு ரெக்கார்டு பிளேயரும்தான்.

ஜாஸ் அவர் தேடிப் போனதல்ல. இளம் வயதில், அட்டையில் பனிமூட்டத்துக்குள் நின்ற ஒரு மனிதரின் படம் பிடித்துப்போய், நடனப் பாட்டு என்று நினைத்து ஒரு ரெக்கார்டை வாங்கிவந்தார். அதைப் போட்டதும் அம்மா, "என்னடி இது, யாரோ வழி தெரியாம ஹாரன் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கொஞ்ச நாள் கழித்து, "அந்த ஹாரன்காரனைப் போடு, தூக்கம் வரும்" என்று அவரே கேட்டார்.

அட்டையில் நின்ற அந்த ட்ரம்பெட்காரர் ஹார்ட் பாப் என்கிற சூடான, வேகமான ஜாஸுக்குப் பேர்போனவர். பொறி பறக்க வாசிப்பார். இந்த ரெக்கார்டில் மட்டும் அப்படி இல்லை. நோயிலிருந்து எழுந்த கையோடு ஒரே மதியத்தில் பதிவு செய்தது. அவருடைய ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

ஞாயிறு மதியங்களில் லாண்டரியின் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும். பின்னறையில் கொடி நிறைய வெள்ளை விரிப்புகள் தொங்கும். வெயில் அவற்றின் வழியே பாலாக வடிந்து இறங்கும். பேசுகிறவரின் நிழல்தான் தெரியும், முகம் தெரியாது. அங்கேதான் அக்காவும் மருந்துக்கடைக்காரரும் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்பார்கள். சீருடை வாங்க வந்த இடத்தில் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப்பார்த்த டவுன்பஸ் டிரைவர் மூன்றாவது ஆளானார். அவரும் தனியாள்தான், அதிகம் பேசமாட்டார்.

ஒரு ஞாயிறு மருந்துக்கடைக்காரர், "இன்னிக்கு உங்க ஹாரன்காரருக்கு ஒரு தீர்ப்பு சொல்லிடுவோம்" என்றார்.

ரெக்கார்டின் இரண்டு பக்கமும் கேட்டார்கள். "ஊரே மெச்சின ஆளு, இதுல காய்ச்சல் மாத்திரை போட்டுட்டு வாசிச்ச மாதிரி இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். "பாவம் டிரம்ஸ்காரர், நின்னுபோன வண்டியைத் தள்ளுற மாதிரி இவரைத் தள்ளிட்டுப் போறாரு."

கடைசிப் பாட்டு மெதுவானது. அதில் ட்ரம்பெட் படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு சுரத்தைத் தொடப்போய்ப் பிசிறியது. மறுபடி முயலவில்லை. சற்று நேரம் பியானோ மட்டும் தனியே நடந்தது.

"எல்லாரும் சுரத்தைத் தவறவிட்டுட்டாருன்னு சொல்றாங்க" என்றார் அக்கா. "எனக்கென்னமோ, கதவைத் தட்டப் போனவரு, உள்ள யாரோ தூங்குறாங்கன்னு தெரிஞ்சு சத்தம் போடாம திரும்பிப் போற மாதிரி இருக்கு."

விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவர் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. பிரேக் மேலயே கால வச்சு ஓட்டுறாரு. எனக்குப் பிடிக்கல."

அக்கா எழுந்துபோய், ஏற்கெனவே தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? அது அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு டிரைவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவருடைய சீருடைகள் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கின. அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அக்கா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு வேலைநாள் மதியம், கசங்கிய சட்டையோடு டிரைவர் கடைக்குள் வந்தார்.

"உங்க ஹாரன்காரரால எனக்கு மெமோ வந்திருக்குங்க" என்றார்.

"என்ன பண்ணாரு?"

"ஆளில்லாத வண்டி, லேசா தூறல். அந்தக் கடைசிப் பாட்டு தானா மனசுல ஓட ஆரம்பிச்சுது. அவரு எட்டாம விட்ட இடம் வந்ததும் நானும் நிறுத்தாம அப்படியே போயிட்டிருந்தேன். நிறுத்தத்துல கை காட்டின ஆளுங்களைக் கண்ணு பார்க்குது, மனசு பார்க்கல." கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இப்பவும் எனக்கு அது பிடிக்கலீங்க. ஆனா அன்னிக்கு உங்க முகம் தெரியல. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதான் வர சங்கடமா இருந்துச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "பொய் சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை வாங்க."

டிரைவர் அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை; அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவரும் அக்காவும் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட மருந்துக்கடைக்காரர், "டிரம்ஸைக் காது குடுத்துக் கேட்டேன், பக்கத்துல நடந்தது கேக்கவே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டிரைவருக்கு அந்த ரெக்கார்டு கடைசிவரை பிடிக்கவில்லை. அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அக்கா கடையைச் சாத்திவிட்டு டிரைவருடைய பஸ்ஸில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம் வரை அவர் போனதே இல்லை. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கட்டடங்கள் குறைந்து, புல்வெளி வந்தது. சாலை முடிகிற இடத்தில் டிரைவர் எஞ்சினை அணைத்தார். சூடு ஆறும் இரும்பு எங்கோ டிக் டிக்கென்றது. இறங்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.