பிக்கப் கதவின் இரண்டாவது வரி

நேசண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேறொருவருடைய மரண அறிவித்தலை அச்சடித்துக்கொண்டிருந்தேன். பாரிசில், லா சப்பலில் என் அச்சகத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. கல்யாண அட்டை, கடைப் பலகை, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் சனத்தின் நல்லதும் கெட்டதும் என்னுடைய இயந்திரத்துக்குள்ளால்தான் வெளியே வரும். தொலைபேசியில் அவருடைய மனைவி மலரக்கா. "காலமை வேலைக்கு வெளிக்கிடேக்கை நெஞ்சு நோகுது எண்டவர் தம்பி. ஆஸ்பத்திரியிலை சேர்க்க முதலே முடிஞ்சுது" என்றார். "நோட்டீஸ் நீங்கள்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும் அந்த வசனத்தை நான் நித்திரையிலும் எழுதுவேன். வதிவிடம் கூசேன்வில் என்று தட்டினேன். பிறப்பிடத்தில் கை நின்றுவிட்டது. இத்தனை வருடமாக ஒரே வண்டியைத் திருத்த அதற்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்த மனிதனின் ஊர் எது என்று எனக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. "ஊரிலை எவடம்?" என்ற கேள்வி எங்கள் ஆட்களுக்குள் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது இதை வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் குறிச்சி, குறிச்சியைச் சொன்னால் கோயில், கோயிலைச் சொன்னால் சாதி. தேத்தண்ணி ஆற முதலே ஆளை அளந்து முடித்துவிடுவோம். அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பதை நாலு பேருக்குச் சொல்லித் திரிகிற அளவுக்கு எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

நேசண்ணை முதன்முதல் என் கடைக்கு வந்தது ஒரு கதவுக்காக. றுவாசி விமான நிலையத்தில் பெட்டிகளை இழுக்கிற வண்டிகளைத் திருத்துகிற வேலை அவருக்கு. சத்தமான மனிதர், தன்னுடைய கைவேலையைத் தானே புகழ்வதில் கூச்சமில்லாதவர். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மரக்கறிப் பச்சையில் பளபளவென்று ஒரு பழைய பிக்கப்பின் கதவு. "வண்டி எங்கை அண்ணை?" என்று கேட்டேன். "வண்டி இன்னும் இல்லை. கதவு முடிஞ்சுது" என்றார். ஊரில் லொறி, வான் கதவுகளில் உரிமையாளரின் பெயரும் அதற்குக் கீழே ஊரும் எழுதியிருக்குமே, அதே மாதிரித் தமிழ் எழுத்தில் ஒட்டவேண்டும் என்றார்.

"முதல் வரி என்ரை பேர். கந்தையா நேசராசா. ரெண்டாவது வரி ஊர்" என்று சொல்லி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எந்த ஊர் என்று ஒரு அச்சகக்காரன் கேட்க வேண்டிய இடம் அது. நான் கேட்கவில்லை. "சொல்லேக்கை சொல்லுங்கோ அண்ணை, வெட்டித் தாறன்" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப முதல் வரியை ஒட்டுவம். கீழை இடத்தை விடும்" என்றார். எவ்வளவு நாகரிகமாக நடந்துகொண்டேன் என்று அன்று முழுவதும் எனக்குத் திருப்தி.

எழுத்து ஒட்டுவதற்காகப் பியர்ஃபித்துக்குப் போனேன். அவர் வாடகைக்கு எடுத்திருந்த பொக்ஸ், அதாவது வண்டி நிறுத்துகிற கொட்டகை, அங்கேதான் இருந்தது. அறுபதுகளில் செய்த ஒரு பிரெஞ்சுப் பிக்கப் எலும்புக்கூடாக நின்றது. பிக்கார்டிப் பக்கத்தில் ஒரு கமக்காரனின் வைக்கோல் கொட்டிலிலிருந்து இழுத்து வந்ததாம். எந்த மொடல் என்று எழுதினால் அதன் பக்தர்கள் புது எஞ்சின் போட்டதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அடுத்த திங்கட்கிழமையும் போனேன். பிறகு எல்லாத் திங்களும் போனேன். அவருக்கு லீவு, என் கடையும் பூட்டு. கடைசியில் வயர் இழுப்பதும் துருச் சுரண்டுவதும் என் வேலையாகிவிட்டன.

புது எஞ்சினை அடிபட்ட ஒரு வானிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தோம். பூட்டி முடித்து, வயர்களைக் கொழுவி, ஸ்டார்ட் பண்ணினால் அது அசையவே இல்லை. இந்தக் காலத்து எஞ்சினுக்கு ஒரு கணினி மூளை இருக்கிறது, அது தன்னுடைய பழைய திறப்பை, அதாவது சாவியை, கண்டால்தான் வேலை செய்யும் என்பது பிறகுதான் விளங்கியது. திறப்போ அடிபட்ட வானோடு போய்விட்டது. நேசண்ணை பொனெற்றுக்குள் தலையை விட்டுப் பேசினார். "புது எஞ்சின் எண்டு பேர்தான். பழைய வீட்டுத் திறப்பைக் காட்டு எண்டு கேக்கிறான் பாரும். எங்கடை சனம் மாதிரி." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, கணினியை மாற்றிப் போட எங்கள் கடைக்குப் பக்கத்து ஸ்டாலின்கிராட்டில் ஒருவன் இருக்கிறான் என்று பேச்சைத் திருப்பினேன். அவர் அந்த இடத்தில் எதையோ தொடங்க நினைத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது.

என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. என் ஊர், வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறு, அம்மாவின் கண் ஒப்பரேஷன், நான் கட்டாமல் விட்ட பெட்டை, எல்லாவற்றையும் நோண்டி நோண்டிக் கேட்பார். "உமக்கென்ன, ஊரைச் சொன்னால் போதும், இருக்கக் கதிரை வரும்" என்று ஒருநாள் பகிடி விட்டார். அதற்கும் சிரித்தேன். என் ஊரைச் சொல்ல எனக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை. ஏன் இருக்கவில்லை என்று யோசித்ததும் இல்லை.

காற்று விசயத்தில்தான் நாங்கள் சண்டை பிடித்தோம். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு நாலு சில்லுக்கும் காற்றுப்பை போடவேண்டும் என்று நின்றார். அது ஊதினால் வண்டி எழும்பும், காற்றை விட்டால் நிலத்தோடு குந்தும். "இஞ்சத்தைப் பெடியள் படம் காட்டுறதுக்குச் செய்யிற வேலை அண்ணை, உங்கடை வயசுக்கு உது தேவையோ?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்கள் இறக்கிறதுக்குச் செய்யிறாங்கள். நான் ஏத்திறதுக்கு. பொத்தானை அமத்தினால் ஒரு சாண் எழும்பும். எந்த ஒழுங்கைக்குள்ளையும் போகலாம். ஒருத்தனும் ரோட்டைச் சாட்டுச் சொல்ல ஏலாது." பாரிசில் எங்கே ஊர் மாதிரி மண் ஒழுங்கை இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சவர்க்காரத் தண்ணியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனார். குழாய்ப் பூட்டுகளில் அதைத் தடவினால் ஒழுக்கு இருக்கிற இடத்தில் நுரைக்கும். கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "காத்து பொய் சொல்லாது தம்பி. ஓட்டை எங்கையோ அங்கை காட்டிக் குடுக்கும்."

இவ்வளவும் எனக்குத் தெரிந்த மனிதருக்குத்தான் அன்று பிறப்பிடம் எழுதத் தெரியாமல் இருந்தேன். மலரக்காவுக்கு ஒரு போன் எடுத்தால் முடிந்திருக்கும். துக்க வீட்டில் ஊரைக் கேட்டால் என்ன நினைப்பார், இவ்வளவு காலம் பழகியும் தெரியாதா என்றல்லவா நினைப்பார் என்று கூச்சப்பட்டேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் என்று பொதுவாகப் போட்டு அடித்தேன். தெரு முழுவதும் கடைக் கண்ணாடிகளில் ஒட்டினார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மரக்கறிக் கடை வாசலில் அதை வாசித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னைக் கண்டதும் திரும்பினார். "யாழ்ப்பாணம் எண்டால் எவடம்?" தெரியாது என்றேன். "ஓ... அப்பிடியோ" என்று தலையை ஆட்டிவிட்டு முருங்கைக்காய் பொறுக்கப் போனார். அந்த "அப்பிடியோ"வில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. ஊரைப் போடாத நோட்டீஸ் எதைச் சொல்லும் என்று எங்கள் தெருவில் தெரியாதவர் யார்? எனக்குத் தெரியாததை மறைக்கிறேன் என்று நினைத்து, நானே என் செலவில் அவருடைய சாதியை எழுதி ஒட்டியிருந்தேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தகனம் முடிந்த பிறகு வந்த திங்கட்கிழமை மலரக்கா பொக்ஸுக்கு வந்தார். வண்டியை முழுதாக அவர் பார்த்தது அன்றுதான். சுற்றி வந்து கதவருகே நின்று, பெயருக்குக் கீழே இருந்த வெறும் பச்சையைத் தடவினார்.

"ஏன் இடம் விட்டவர் எண்டு கேட்டனீங்களோ தம்பி?"

"இல்லை அக்கா."

"ஆர் கேட்டாலும் ஒரு பொய் ஊர் வச்சிருந்தவர். வேலையிலை ஒரு ஊர், கோயிலடியிலை வேறை ஊர். எது ஆருக்குச் சொன்னது எண்டு அவருக்கே மாறிப்போகும். பிறின்ற் தம்பி கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுவன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். திங்கட்கிழமை வீட்டை வந்தவுடனை நான் கேப்பன், இண்டைக்காவது கேட்டவரோ எண்டு."

நான் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"சின்னனிலை ஊருக்கு இப்பிடி ஒரு பிக்கப்தான் வரும். எங்கடை ஒழுங்கைக்குள்ளை வராது, சந்தியோடை நிண்டிடும். ரோட்டுக் கூடாது, ஸ்பிரிங் உடைஞ்சிடும் எண்டு சாட்டுச் சொல்லுவான். அவற்றை அம்மாவைக் கடும் வருத்தத்திலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கை கதிரையிலை வச்சுத்தான் சந்திமட்டும் தூக்கினவை. அங்காலை அவங்கடை ஆக்கள் இருக்கிற ஒழுங்கையும் அதே குண்டும் கிடங்கும்தான். அதுக்குள்ளை மட்டும் கலியாணத்துக்குப் போய் வரும்."

கேட்காமல் இருந்ததை நான் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அதிலே பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் கேட்காமலே ஊகித்து வைத்திருந்தேன். பதில் எனக்குப் பொருட்டில்லை என்றால் முதல்நாளே, கதவுக்கு எழுத்து வெட்டும்போதே, சும்மா கேட்டிருப்பேன். பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை. சந்தியோடு நின்ற அந்தப் பிக்கப்காரன் ரோட்டைச் சாட்டினான், நான் நாகரிகத்தைச் சாட்டினேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, ஊரிலை எவடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சொன்னார். குறிச்சியையும் சொன்னார், நான் கேட்காமலே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடுகிற இந்த நினைவு மலரில் அதை எழுதலாமோ என்று கேட்டேன்.

"பின்னை என்னத்துக்கு அவர் இடம் விட்டவர்?" என்றார்.

அன்றே கடைக்குப் போய் வெள்ளையில் எழுத்தை வெட்டிக் கொண்டுவந்து இரண்டாவது வரியை ஒட்டினேன். காற்று ஏற்றி, எவ்வளவு எழும்புமோ அவ்வளவுக்கு எழுப்பி வைத்திருக்கிறேன். பிக்கப் இனி மலரக்காவுடையது. நேசண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் எனக்கென்று கடைசிவரை வைத்திருந்த அந்தப் பதிலைத்தான். என் கையால் பிழையாகப் போன அறிவித்தலை அதைக்கொண்டு இங்கே திருத்துகிறேன்.

இலந்தைக்கேணியைப் பிறப்பிடமாகவும், கூசேன்விலை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா நேசராசா காலமானார். இதை அவரே என்னிடம் சொல்லக் காத்திருந்தார்.