பால் காய்ச்சிய நாளில் வந்தவர்

ரங்கூனில் பிறந்த எனக்கு ராயபுரம்தான் வெளிநாடு. எட்டு வயதில் கப்பலை விட்டு இறங்கியபோது, போலீஸ்காரன்கூடத் தமிழில் அதட்டுகிறானே என்று மிரண்டுபோனேன். ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டதும் நைனா, அம்மாவையும் என்னையும் கைக்குழந்தைத் தம்பியையும் கப்பலேற்றிவிட்டார். அரிசி மில் வேலையை முடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றார். அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

ரயில்வே மதிலையொட்டிய வரிசை வீடுகளில் ஓர் அறை கிடைத்தது. எனக்கு அது வீடாகவே படவில்லை. ரங்கூனில் மரத்தால் கட்டிய மாடியில் இருந்தோம். மழைக்காலத்தில் கீழே தண்ணீர் ஓடுவதைப் பலகை இடுக்கில் பார்க்கலாம். இங்கே கதவைத் திறந்தால் நிலக்கரித் தூள், மூடினால் புழுக்கம், எப்போதும் கருவாட்டு நாற்றம். தெருப் பிள்ளைகள் என்னை "பர்மாக்காரி" என்று கூப்பிட்டு, நான் வாயைத் திறந்தாலே சிரித்தன. திரும்பிப் போய்விடலாம் என்று அழுதால் அம்மா, "நைனா வரட்டும்" என்பாள். எதற்கும் அந்த ஒரே பதில்தான்.

அவள் காத்திருந்தது ஒரு கப்பல்காரருக்காக. தண்டையார்பேட்டை பாய்; ரங்கூன் கப்பலில் சமையல் வேலை; நைனாவின் தோஸ்து. அவர் வந்தால் சேதி வரும். குடிவந்ததும் காய்ச்சவேண்டிய பாலைத் தள்ளிப்போட்டு, அந்தக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளாகப் பார்த்துத்தான் அதற்கு ஏற்பாடு செய்தாள்.

அன்று காலை பால் வாங்கக் கிளம்பியவள், "தம்பியப் பாத்துக்கோ. வாசல்ல கட்ட மாவிலை எங்கனா கெடைக்குதா பாரு" என்றாள். ராயபுரத்தில் மாமரத்துக்கு நான் எங்கே போவேன்? மதிலோரம் ஒரு வேப்பமரம்தான் நின்றது. இலை இலைதானே! கொத்துக் கொத்தாக ஒடித்துவந்து நிலைப்படி நிறையச் செருகினேன். வேப்பிலை செருகிய வாசல் என்றால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது, யாரும் நுழையக்கூடாது என்று அர்த்தம். அந்தத் தெருவில் என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

பாய் வந்தார். தெருவிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள யாரு கீது, கண்ணு?"

"தம்பி மட்டுந்தான்."

வேப்பிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மை வீட்டுக்குள் போய்வந்தவனைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். "அம்மாவாண்ட சொல்லு, அடுத்த தபா வர்றேன்னு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அம்மா வந்தாள். வாசலைப் பார்த்ததும் "அடிப்பாவி!" என்று அலறிக்கொண்டு எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தாள். "அம்மை போட்ட வூட்லதாண்டி இத்தச் சொருவுவாங்க! யாருனா வந்தாங்களா?"

சொன்னேன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கேட்டில் உள்ளே விடவில்லை. கெஞ்சிக்கொண்டு நின்றபோதே கப்பல் ஊதிவிட்டுக் கிளம்பியது.

திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போவும்போது அவரு மூஞ்சி எப்படி இருந்துது? சிரிச்சாரா?" கை ஓங்கியிருந்தது.

"சிரிச்சாரும்மா" என்றேன்.

கை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் பால் திரிந்திருந்தது. வேறு நாளாயிருந்தால் அபசகுனம் என்று ஒப்பாரியே வைத்திருப்பாள். அன்று, "போனாப் போவுது, நல்ல சேதிதானே" என்று கொட்டினாள்.

இரண்டு மாதம் அந்தச் சிரிப்பை நம்பியே குடித்தனம் நடத்தினாள். நைனாவுக்கென்று தலையணை தைத்தாள். எப்படிச் சிரித்தார் சொல்லு என்று தினம் ஒரு தரம் கேட்பாள். நானும் சளைக்காமல் கூட்டிக் கூட்டிச் சொன்னேன்.

பாய் மறுபடி வந்து, வாசலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாங்கள் கப்பலேறிய ஒரு வாரத்துக்குள் நைனாவைக் கலகத்தில் வெட்டிவிட்டார்கள். கூட இருந்தவர்கள், பாய் சொல்லியிருப்பார் என்று கடிதம் போடாமல் இருந்துவிட்டார்கள்.

அம்மா அழவில்லை. "இந்தச் சேதிய வெச்சிகினா அன்னிக்கு எம்பொண்ணப் பாத்துச் சிரிச்சீங்க?" என்றாள்.

பாய் நிமிர்ந்தார். கதவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"ஆமா, தங்கச்சி. சிரிச்சேன்" என்றார்.

அம்மா எழுந்து அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அதன்பின் கப்பல் வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்து வாசலில் வைப்பார்; அவள் காலால் தள்ளிவிட்டு, "எழவுச் சேதிய மடியில கட்டிகினு சிரிச்ச பாவி" என்று தெருவே கேட்கத் திட்டுவாள். அவர் சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு போவார். சாகிறவரைக்கும் அவள் அவரை மன்னிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு விழவேண்டிய அடியை ஒரு மனிதர் ஆயுசு முழுக்க வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்று அன்றைக்கு எனக்கு எங்கே புரிந்தது? நைனா செத்ததுகூடச் சரியாக உறைக்கவில்லை. அம்மா கை ஓங்கவில்லை, அப்பாடா தப்பித்தோம் என்று பின்பக்கமாக இறங்கித் தெருவுக்கு விளையாட ஓடிவிட்டேன்.