புளியம்பாறைக்கு ஏறாத செவ்வாய்க்கிழமை

அப்பாதுரை அம்மை குத்துகிறவர், அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடும் அரசு ஊழியர். 1954-இல், இருபத்தாறு வயதில், அந்த வேலையில் சேர்ந்தார். தோளில் காக்கிப் பை, அதற்குள் ஈரத்துணி சுற்றிய டப்பாவில் மருந்துக் குப்பிகள், ஊசி, ஒரு பதிவேடு. ஏறிப்போகக் கறுப்பு சைக்கிள் ஒன்று. திருவண்ணாமலைக்கு மேற்கே ஜவ்வாது மலை வரைக்கும் இருந்த ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

அந்தப் பாதை அவருக்குக் கால்களில் பதிந்திருந்தது. விடியும்போது கிளம்பினால் அடி அண்ணாமலையில் கடைப் பலகைகள் எடுக்கிற நேரம். பிறகு காஞ்சி கிராமத்துச் சாலை. சமதளம்தான் என்று நினைக்கிறபோதே மெல்ல மெல்ல ஏறும். தொடை வலிக்கும்போதுதான் அது ஏற்றம் என்று தெரியும். இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொல்லைகள். கடலாடியில் பர்வதமலை கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். அங்கிருந்து மண்பாதை, ஒரு காட்டாறு, அதைத் தாண்டினால் மலை ஏற்றம். மூன்று மைலில் ஏழு வளைவுகள். இரண்டாவது வளைவு வரை மிதிக்கலாம். அதற்குமேல் இறங்கித் தள்ள வேண்டும். உச்சியில் முப்பது வீடுகள் கொண்ட புளியம்பாறை.

1955-இல் அவர் முதல்முறை அங்கே போனபோது பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். பொன்னி என்கிற ஒருத்தி மட்டும் போகவில்லை. தன் எட்டு வயது மகளின் கையைப் பிடித்து நீட்டினாள்.

"வலிக்குமா சாமி?"

"கொஞ்சம் வலிக்கும். ரெண்டு நாள் காய்ச்சல் வரும். அப்புறம் ஆயுசுக்கும் பயமில்லை."

அவள் நின்றதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அடுத்த சுற்று 1957 மார்ச்சில் வந்தது. புதிதாகப் பிறந்த பத்தொன்பது பிள்ளைகளின் பட்டியல் ஊர்க்கணக்கு எழுதும் கர்ணத்திடமிருந்து வந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாதுரை புறப்பட்டார். அன்றைக்கு ஊரிலிருந்து அவர் மச்சான் வந்திருந்தார். சாயங்காலம் எல்லாரும் சினிமாவுக்குப் போகலாம் என்று காலையிலேயே பேச்சு. "சீக்கிரம் வந்துடுங்க" என்று மனைவி ராணியம்மாள் சொல்லியிருந்தாள்.

காட்டாற்றைத் தாண்டி மலை அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்தினார். மணி பதினொன்று. வெயில் ஏறியிருந்தது. மேலே முதல் வளைவு வெள்ளையாகத் தெரிந்தது. டயர் பஞ்சர் ஆகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏற மனம் இல்லை, அவ்வளவுதான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார். பிறகு பதிவேட்டைத் தொடைமேல் விரித்து, பட்டியலைப் பார்த்துப் பத்தொன்பது பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'குத்தப்பட்டது' என்று போட்டார். பன்னிரண்டாவது பெயர் வேடியப்பன், வயது ஒன்றரை, தாயார் பொன்னி. அங்கே பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிவிட்டது. குப்பிகளை உடைத்து மணலில் ஊற்றினார்.

திரும்பும்போது சாலை இறக்கமாக இருந்தது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. சாயங்காலம் படம் பார்த்தார். சிரிக்கிற இடத்தில் சிரித்தார்.

மே மாதம் கடலாடிச் சந்தையில் செய்தி வந்தது. புளியம்பாறையில் பெரியம்மை.

சுகாதார அதிகாரி ஜீப்பில் அடிவாரம் வரை வந்தார். அப்பாதுரை முன்னால் நடக்க, ஏழு வளைவுகளையும் நடந்தே ஏறினார்கள். ஊருக்குள் எல்லா வாசலிலும் வேப்பிலை செருகியிருந்தது. நாலு பிள்ளைகள் இறந்திருந்தன. அதில் ஒன்று பொன்னியின் மகன். நாற்பத்தைந்து நாளுக்கு முன்னால் அவர் 'குத்தப்பட்டது' என்று எழுதிவைத்த பிள்ளை.

ஊர்க்காரர்கள் ஒரு மரத்தடியில் கூடி நின்றார்கள். அதிகாரி பதிவேட்டைத் திறந்தார்.

"பத்தொன்பது பேருக்கும் குத்தியிருக்குன்னு இதுல இருக்கு. அப்புறம் எப்படி வந்துச்சு?"

அப்பாதுரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்ட கையோட மருந்தை வழிச்சுக் கழுவிட்டீங்களா? அம்மன் கோவிச்சுக்குவான்னு கழுவிட்டீங்க, இல்லையா?"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆமாங்க. கழுவிட்டோம்."

பொன்னிதான். அவள் அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். அப்பாதுரை பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்: 'மக்களின் அறியாமையே காரணம்.'

பயத்தில் உளறுகிறாள், என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் தலையாட்டுகிறாள் என்று அப்பாதுரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நினைப்பில்தான் அன்றைக்கு மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு ஊசி போட முடிந்தது.

அதன் பிறகு அவர் ஒரு சுற்றைக்கூடத் தவறவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போக வேண்டிய இடத்துக்கு மாதம் ஒருமுறை போனார். மழையில் காட்டாறு ஓடும்போது சைக்கிளைத் தலைமேல் வைத்துக் கடந்தார். கால்கள் இறுகி, நான்காவது வளைவு வரை இறங்காமல் மிதிக்கிறவர் ஆனார். இதையெல்லாம் பார்த்தவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். அடக்கம் என்று அதையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

1963-இல் ஒரு கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். மலை ஊர்களுக்கு சைக்கிளிலேயே போய்ச் சேவை செய்கிறவர் என்று ஒருவர் பேசினார். கைதட்டல் ஓய்வதற்குள் அப்பாதுரை எழுந்துவிட்டார். சால்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை சைக்கிளை எடுத்தார்.

புளியம்பாறையில் பொன்னி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அந்த வருஷம், மார்ச்சு மாசம், நான் மேலே வரலை. கீழேயே உக்காந்து எழுதிட்டுப் போயிட்டேன். யாருக்கும் ஊசி போடலை."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க? நீங்க வரலைன்னு எங்களுக்குத் தெரியாதா சாமி? நாங்க இங்கதானே இருந்தோம்."

ஆறு வருஷமாக அவர் யோசிக்காதது அது. யாருக்கும் தெரியாது என்று அவர் மறைத்ததை முப்பது வீட்டுக்காரர்களும் அன்றே அறிந்திருந்தார்கள். மாதாமாதம் அவர் ஏறி வந்து சிரித்துப் பேசியதை எல்லாம் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப ஏன் கழுவிட்டோம்னு சொன்னீங்க?" அவளை முதல்முறையாக அவர் 'நீங்க' என்றார்.

"மூத்தவளுக்கு நீங்க குத்துனீங்க. அவ இருக்கா. சின்னவனுக்குக் குத்தலை, அவன் போயிட்டான். அப்ப மருந்து நல்ல மருந்துதானே. இந்த மலைக்கு ஏறி வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்களையும் வேலையை விட்டு எடுத்துட்டா, மத்த புள்ளைங்களுக்கு யாரு வருவா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. திரும்பும்போது இறக்கத்தில்கூட அவரால் சைக்கிளில் ஏற முடியவில்லை. ஏழு வளைவுகளையும் தள்ளிக்கொண்டே இறங்கினார்.

வீட்டில் ராணியம்மாளிடம் சொன்னார். அவள் கேட்டாள்: "அண்ணன் வந்த அன்னைக்கா?" அவர் தலையசைத்தார். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள், நடந்ததை அப்படியே எழுதிப் புதிய அதிகாரியிடம் கொடுத்தார். அவர் இரண்டு தடவை படித்தார். பழைய கோப்பை வரவழைத்து, மக்களின் அறியாமை என்ற வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பாதுரையை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பச் சேர்ந்தபோது மருந்து அறையில் குப்பிகளை எண்ணி அனுப்புகிற மேசை வேலை கொடுத்தார்கள். மேற்குப் பாதை வேறொருவருக்குப் போனது. எப்படியோ சொல்லிவிட்டோம் என்று அப்பாதுரைக்கு நெஞ்சு லேசாக இருந்தது. கொஞ்ச காலம் நன்றாகத் தூங்கினார்.

1965 ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் பொன்னியைப் பார்த்தார். கடுக்காய் மூட்டையை இறக்கிவிட்டு, ஊர்ப்பெண்கள் இரண்டு பேரோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

"ஏன் சாமி இப்ப வர்றதே இல்லை?"

"என்னை மாத்திட்டாங்க."

அவள் முகம் மாறியது. சுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எங்க ஊர்ல யாரும் சொல்லலை சாமி. சத்தியமா சொல்லலை."

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"நீங்களேவா?" அவள் இன்னும் கிட்டே வந்தாள். "ஒன்றரை வருஷமா யாருமே மேலே வரலையே. என் மூத்தவ புள்ளைக்கு எட்டு மாசம் ஆவுது."

நெஞ்சு லேசானது தனக்கு மட்டும்தான் என்று அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் அவருக்குப் புரிந்தது. தன்னிடம் வந்து போகிற பதிவேட்டில், புளியம்பாறைக்கு எதிரே, புதியவரின் ஒழுங்கான கையெழுத்தில் குத்தப்பட்ட பிள்ளைகளின் எண்கள் இருந்ததை அவரே பார்த்திருந்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

அன்றே அதிகாரியின் அறைக்குப் போனார். இன்னொருவர்மேல் புகார் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தகுதியும் இல்லை என்று நினைத்தார். "அந்த ஒரு ஊரை மட்டும் எனக்குக் குடுங்க. லீவு நாள்ல போறேன்" என்றார். அதிகாரி முடியாது என்றார். அடுத்த நாளும் போய் நின்றார். பத்தாவது நாள் அதிகாரி சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை கிளம்பினார். வயது முப்பத்தேழு. ஒன்றரை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த கால்கள் முதல் வளைவிலேயே நின்றுவிட்டன. இறங்கித் தள்ளினார். மேலே போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. இருபத்திரண்டு பிள்ளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் திட்ட யாருக்கும் நேரம் இல்லை.

"முதல்ல இவளுக்குக் குத்துங்க" என்று பொன்னி பேத்தியின் கையைப் பிடித்து நீட்டினாள். அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டு ஊசியைத் துடைத்தார்.