அத்தை நடந்த சிவப்புக் கம்பளம்

அத்தை சிவப்புக் கம்பளத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார். அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, வெறுங்கால். அவ்வளவு நல்ல துணியைச் செருப்புக் காலோடு மிதிக்க மனசு வராமல், கல்யாண மண்டப வாசலில் கழற்றுவதுபோல் கம்பளத்தின் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். எதிரே கேமராக்கள் மின்னின. "அம்மா, இங்க பாருங்க! அம்மா, இந்தப் பக்கம்!" என்று புகைப்படக்காரர்கள் கத்தினார்கள். கதாநாயகனின் அம்மா வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் என் கணவரின் அம்மா. நானோ கயிற்றுக்கு வெளியே நிருபர்கள் கூட்டத்தில் நசுங்கியபடி, நீட்டிய மைக்கோடு நின்றேன்.

தியேட்டரின் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய் ஓரமாக உட்காருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். ஆனால் அத்தை வந்தது ஓரமாக உட்கார இல்லை. நான் இந்தச் சினிமா நிருபர் வேலையில் நீடிக்கலாமா, விட்டுவிட வேண்டுமா என்று முடிவு சொல்ல வந்திருந்தார். மகள் அப்போது கைக்குழந்தை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இடம் காலியாக இருக்கிறது, காலையில் போனால் சாயங்காலம் காபி நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் வழக்கு அத்தையிடம் போயிற்று. செம்பாக்கத்தில் என் கணவர் குடும்பத்தின் நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகும், வீட்டில் எந்த விவகாரத்துக்கும் அத்தை வாக்குதான் கடைசி. "நான் ஒரு தபா வந்து பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

எனக்குக் காலில் சக்கரம் என்று அம்மா வீட்டிலேயே பெயர். டிசம்பரில் திரைப்பட விழா தொடங்கிவிட்டால் நான் வீட்டுக்குக் குளிக்க வருகிற விருந்தாளி. ஒரு தியேட்டரில் ஈரான் படம் முடிந்து இன்னொன்றில் போலந்துப் படம் தொடங்குவதற்குள், கையில் பப்ஸோடு ஓட வேண்டும். எங்கோ பனியில் ஒரு கிழவர் காணாமல்போன குதிரையைத் தேடிக்கொண்டிருப்பார். தாம்பரம் ரயிலைப் பிடிக்க வேண்டிய நான் அவரோடு சேர்ந்து தேடிக்கொண்டிருப்பேன். புதுப்படத்தின் முதல் காட்சி, பிரிமியர் என்றால் அது வேறு மாதிரிப் பைத்தியம். கார்க் கதவு திறக்கும், ஒரு கால் வெளியே வரும். கூட்டத்துக்குக் காட்ட வேண்டிய முகத்தை நட்சத்திரங்கள் எடுத்து மாட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு நொடி, அவர்களுடைய சொந்த முகம் தெரியும். பயந்திருக்கும், இல்லை தூக்கம் கெட்டிருக்கும். அந்த ஒரு நொடிக்காக வெயிலில் மணிக்கணக்கில் நிற்பேன். இதையெல்லாம் வீட்டில் யாரிடம் எப்படி விளக்குவது?

கம்பளத்தில் நின்ற அத்தை என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா அங்க நின்னுகினு கீற? இப்டி வா!" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். வரக்கூடாது அத்தை என்று நான் சைகை காட்டுவதற்குள் உண்மையான கதாநாயகனின் கார் வந்து நின்றது. இறங்கிய அவர், யாரோ பெரியவர் என்று அத்தையைக் கும்பிட்டார். அத்தையும் அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். இனி எந்தப் புகைப்படக்காரருக்குச் சந்தேகம் வரும்? எனக்கோ அதற்குள் அத்தையே மறந்துபோயிற்று. ஒருவர் முழங்கை விலாவில் இடிக்க, இன்னொருவர் காலை மிதிக்க, கதாநாயகனின் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பினார். என் கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொன்னார்.

அத்தை படம் பார்க்க இருக்கவில்லை, என்னோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயே திறக்காமல் வந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்குக் கிடைக்கப்போகும் மேசையைக்கூட நான் நினைத்துப் பார்த்துவிட்டேன். பல்லாவரம் தாண்டியதும் அத்தை பேசினார்.

"அவ்ளோ பேர் இடிக்கறாங்கோ, மிதிக்கறாங்கோ. இந்தப் பேஜார் நமக்கு வேணாம்னு சொல்லணும்னுதான் இருந்தேன். அந்தப் பையன் திரும்பி உங்கிட்ட பேசுனான் பாரு, அப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்டி சிரிக்கல."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு வூடு கீது, வாசல் கீது. அந்த மாதிரி சிரிக்க ஒண்ணும் கெடைக்கல. நீ போ. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

மறுநாள் இணையத்தில் 'வெறுங்காலோடு வந்த எளிமைத் தாய்' என்று அத்தையின் படம் சுற்றியது. முதலில் படமெடு, யாரென்று பிறகு கேள் என்பது எங்கள் புகைப்படக்காரர்களின் வேதம். பிறகு கேட்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. திருத்தச் சொல்கிறேன் என்று போனை எடுத்த என்னை அத்தை தடுத்தார். "இருந்துட்டுப் போவட்டும், எனக்கு இன்னொரு புள்ள" என்றார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். காப்பாற்றியது மட்டுமில்லை, வீட்டில் ஒரு சட்டமும் போட்டார். நான் தியேட்டருக்குள் இருக்கும்போது யாரும் போன் செய்யக்கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது எல்லாம் படம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என் கணவர் முணுமுணுப்பார், ஆனால் அம்மா பேச்சைத் தட்ட மாட்டார்.

போன டிசம்பரில், விழாவின் நடுவில், காலையில் அத்தைக்கு மூச்சு முட்டியது. நான் நகரத்தில் விழாவின் காலைக் காட்சியில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்ல என் கணவர் போனை எடுத்தபோது அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "அவ படத்துல இருப்பா. முடியட்டும்" என்றாராம். கடைசியாகப் பேசியது அதுதான். படம் முடிந்து, நல்ல படம் பார்த்த சந்தோஷத்தோடு படியிறங்கும்போது போன் அடித்தது. கோபமாக வந்தது. கணவர்மேலா, அத்தைமேலா, அந்தப் படத்தின்மேலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த வருடம் விழா வந்தபோது போக மனமில்லாமல் இருந்தேன். என் கணவரே அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "போய்ட்டு வா. அம்மா இருந்தா திட்டுவாங்க" என்றார். போனேன். பழையபடி ஓடினேன், பழையபடி வரிசையில் நின்றேன். விளக்கணைந்ததும்தான் தொல்லை. கை தானாகப் பைக்குள் போகிறது. வெளிச்சம் தெரியாமல் துப்பட்டாவுக்குள் மறைத்துப் போனைப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. திரையில் யாரோ அழுகிறார்கள். ஏன் என்று நான் கவனிக்கவில்லை. மறுபடி பார்க்கிறேன்.

"மேடம், போனை உள்ள வெச்சுட்டு நிம்மதியா படத்தைப் பாருங்க" என்றார் பின்வரிசையில் ஒருவர், கொஞ்சம் எரிச்சலாகவே.

மன்னிப்புக் கேட்டுப் போனை உள்ளே வைத்தேன். அடுத்த காட்சி வருவதற்குள் கை மறுபடி பைக்குள் இருந்தது.