இரண்டரை வீசைக் கணக்கு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் அவருடைய பெருமைகளைத்தான் எதிர்பார்ப்பீர்கள். பெருமைகளுக்குக் குறைவில்லை. ஆனால், "என்னைய ஒரேயடியாப் புகழ்ந்து எழுதிராத தாயி, பேச்சி சங்கதியையும் எழுது" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா பிறந்தது தேவாரத்தில், சோளமும் மொச்சையும் விளைந்த சம்சாரி வீட்டில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, உறவினர் வீடுகளில் தங்கிப் படித்து, போடியில் கணக்கு ஆசிரியரானார். ஐம்பதுகளில், கணக்கு வராத ஐந்து பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகு தாழ்வாரத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஊரார் அதற்கு வைத்த பெயர் மக்குப் பந்தி. அந்தப் பந்தியில் கணக்கு வாத்தியார் மகளான நானும் ஒருத்தி. அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல!

ஒருநாள் இரண்டரை வீசை எடை ஏலக்காயைத் தசமப் புள்ளி வைத்து எழுதச் சொன்னார். நான் 2.5 என்று எழுதினேன். மற்ற நால்வரும் 2.20 என்று எழுதியிருந்தார்கள். நால்வரிடமும் ஒரே தப்பு என்றதும் அப்பாவுக்கு வந்ததே கோபம்! "பாத்தா எழுதுறீக, களவாணிகளா!" என்று கத்தி, நால்வரையும் பள்ளி வாசலில் ரோட்டைப் பார்த்து நிறுத்தினார். ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், காய் ஆயும் பெண்கள் வேலை முடிந்து திரும்பும் நேரம் அது. நின்ற நால்வரில் ஒருத்தியான பேச்சியின் அம்மாவும் அவர்களோடு வந்தார்.

வீட்டுக்கு நடக்கையில் பேச்சியிடம், "யாரைப் பாத்துடி எழுதுன?" என்றேன்.

"யாரைப் பாக்கணும்? வீசைக்கு நாப்பது பலம். அரை வீசைன்னா இருவதுதான?" என்று அழுதாள்.

நால்வருமே ஏலக்காய் ஆயும் வீட்டுப் பிள்ளைகள். பலத்தைப் புள்ளிக்குப் பின்னால் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பேச்சி வீட்டுக்கு நடந்தார்.

பேச்சியின் அம்மா, "ரெண்டு அடி போட்டிருந்தாக்கூடத் தேவல சார். நாங்க தெனமும் முந்தானைய ஒதறிக் காட்டிட்டுத்தான் கிட்டங்கிய விட்டு வெளிய வர்றோம். எம் மவள ரோட்டுல நிறுத்திக் களவாணின்னுட்டீகளே. நாளைக்கு அவளை ஆரு சோலிக்குச் சேப்பாக?" என்றார்.

"தப்பு எம்மேலதான் ஆத்தா" என்றார் அப்பா. அதற்கு முன் அவர் தலை குனிந்து நின்று நான் பார்த்ததே இல்லை. நான் சரியாக எழுதியதே எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் கிட்டங்கி வாசலுக்கே போய், எல்லோர் முன்னிலையிலும் தம் தவறைச் சொன்னார். பேச்சியும் பந்திக்குத் திரும்பி வந்தாள். ஆனால் எங்கள் யாரையும் பாராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"திரும்பி உக்காரு தாயி" என்றார் அப்பா.

"இருக்கட்டும் சார். பெறகு பாத்து எழுதுனேம்பீக."

கணக்கையெல்லாம் நன்றாகவே கற்றுக்கொண்டாள். பள்ளியை விட்டுப் போகும்வரை சுவரைப் பார்த்தேதான் உட்கார்ந்தாள். அப்பா தினமும் அவள் முதுகைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினார்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது மதுரைக்குக் கூட்டிச்சென்ற மாமாவுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், முறை வைத்து உடனிருந்த சித்திமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு தப்பிய நிலையில் அவர், "திரும்பி உக்காரு தாயி, திரும்பி உக்காரு" என்று ஓயாமல் சொன்னபோது, நீங்கள்தான் என் தோளைப் பிடித்து அவர் முகம் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தீர்கள். அந்த அன்புக்கும் நன்றி. அவர் கூப்பிட்டது என்னை அல்ல.