போகியன்று தூங்கிய பூனை

எங்கள் மாமா கதை சொல்ல ஆரம்பித்தால், சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவ மறந்து இலை முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரிக்கு ஏறுகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் கதைகளெல்லாம் அவரிடம்தான் சேர்ந்து கிடக்கும். ஆனால் பொங்கலுக்குக் குடும்பம் கூடினால் அவர் சொல்வது ஒரே கதைதான். ஒரு போகியன்று எங்கள் வீட்டை அவர் காற்றுப் புகாமல் அடைத்த கதை. அப்பாவைப் போல ஓடிக் காட்டுவார், அத்தையைப் போலப் பேசிக் காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதில் அவர் ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. அதையும் சேர்த்து நான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். தங்கை அந்த வருடம்தான் எல்.கே.ஜி.யில் சேர்ந்திருந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குச் சில தெருக்கள் தள்ளி வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா எலக்ட்ரீஷியன். அம்மாவுக்குப் பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடேயே இருந்தார்.

தங்கைக்குப் பனிக்காலம் வந்துவிட்டால் இழுப்பும் வந்துவிடும். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து கீச்சு கீச்சென்று ஒரு சத்தம். 'நெஞ்சுல பூனை கத்துது' என்பாள் அம்மா. எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான் அது. நாங்கள் இருவரும் அதை அப்படியே நம்பினோம். பூனைக்கும் சேர்த்துத்தான் பால் குடிப்பதாகத் தங்கை சொல்லுவாள். பூனை கத்தினால் அம்மா தூங்கமாட்டாள், அப்பா சாப்பிடமாட்டார். பூனை தூங்கிவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

அந்த மார்கழியில் பூனை அடிக்கடி கத்தியது. பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த குழந்தை டாக்டர் உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கொடுத்து, போகியன்று மட்டும் புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். போகியன்று புகையில்லாத ஊருக்கு எங்கே போவது? மாகறலில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாமா என்று அப்பா யோசித்தார். அப்பாவின் அக்கா அவர். போனில் விஷயத்தைக் கேட்டவர், அங்கேயும் பழைய பாயும் கூடையுமாகக் கொளுத்தத்தான் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தானே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

அப்பா தெருப் பையன்களிடம் போய்க் கெஞ்சினார். டயர் மட்டும் வேண்டாம் என்றார். அவர்கள் நல்ல பையன்கள். "கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா எங்களுக்குத் தெரியாதாண்ணே? நம்ம தெருவுல ஒரு குச்சி கூட எரியாது" என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். சேர்த்து வைத்திருந்த டயரையெல்லாம் உருட்டிக்கொண்டுபோய் அடுத்த தெரு முனையில் வைத்தார்கள். புகைக்கும் தெருப்பெயர் தெரியும் என்று நினைத்தார்கள்போல.

மாமா யாரையும் நம்பவில்லை. முந்தின நாள் மத்தியானமே பக்கத்துத் தறிக்கார வீட்டிலிருந்து ஒரு கோணி நிறையக் கழிவு நூல் வாங்கி வந்து, தண்ணீரில் நனைத்து நனைத்து ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் திணித்தார். ஸ்குரூ டிரைவரை வைத்து அவர் திணிக்கத் திணிக்க, நான் நூலை எடுத்துக் கொடுத்தேன். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஜன்னலெல்லாம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. "ஒரு கொசு உள்ள வரட்டும் பாக்கலாம்" என்றார் மாமா. அம்மா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எனக்கு மட்டும் ஒரு குறை. அந்த வருடம் அப்பா எனக்குப் புதிதாக ஒரு போகி மேளம் வாங்கித் தந்திருந்தார். வெளியே போய் அடிக்கக்கூடாது, உள்ளேயும் அடிக்கக்கூடாது. பேருக்கு அதைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

விடிவதற்கு முன்னால் தெருக்களில் மேளச் சத்தம் கேட்டு விழித்தேன். எல்லோரும் ஏற்கெனவே எழுந்து, யாருக்கோ காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அம்மா மடியில் இருந்தாள். பூனை லேசாக முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வீடு முழுக்கச் சுற்றினார். கடைசியில் பாத்ரூமில் மேலே இருந்த சின்ன ஜன்னலைக் கண்டுபிடித்தார். மாமா அதை மறந்துவிட்டிருந்தார். இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு ஏறி மிச்சமிருந்த நூலை எல்லாம் அதில் அடைத்தார்கள். ஆனால் வந்த நாற்றம் வந்ததுதான். உள்ளேயே நின்றுகொண்டது.

"இந்தக் கெட்ட வாடை கொயந்தைக்கு ஆவாதுப்பா. இரு, ஒரு கை சாம்பிராணி போட்டா எல்லாம் சுத்தமாயிடும்" என்றார் அத்தை.

அப்பா சரி என்றார். அம்மா அடுப்பைப் பற்றவைத்துத் தேங்காய் நாரைக் கனலாக்கித் தந்தாள். மாமா தூபக்காலைத் துடைத்துக் கொடுத்தார். எங்கள் யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தலைக்கு ஊற்றிய குழந்தைகளுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சாம்பிராணி காட்டுவார்கள். சளி பிடித்தாலும் காட்டுவார்கள். வெளியே எரிவதுதான் புகை, சாம்பிராணி வாசனை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகியிருந்தோம். அத்தை மூலை மூலையாகக் காட்டிவிட்டு, கடைசியில் தங்கைக்கு முன்னால் நன்றாகவே ஒருமுறை காட்டினார். ரப்பர் நாற்றம் போய்விட்டது. கோயில் வாசனை அடித்தது. "இப்பதான்பா மூச்சு விட முடியுது" என்று மாமாவே சொன்னார்.

தங்கை இருமினாள். பிறகு இருமலை நிறுத்த முடியாமல் இருமினாள். ஒரு இடுக்கு விடாமல் அடைத்த வீட்டில் அந்தப் புகை எங்கே போகும்? டியூப் லைட்டைச் சுற்றி வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. பூனை அன்றுபோல் என்றைக்கும் கத்தியதில்லை. உறிஞ்சுகிற மருந்தை அம்மா அவள் வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினாள். தங்கையின் கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைத் தொறங்க!" என்று அம்மா கத்தினாள்.

கதவு வரவில்லை. நனைத்துத் திணித்த நூல் ஊறி இறுகிக்கொண்டுவிட்டது. அப்பாவும் மாமாவும் சேர்ந்து இழுத்தார்கள். நான் உட்கார்ந்து, நானே எடுத்துக் கொடுத்த நூலை நகத்தால் பிடுங்கினேன். கதவு திறந்ததும் உள்ளே வந்தது காற்றில்லை. வாசலில் நிறுத்தியிருந்த ஆட்டோவே மங்கலாகத்தான் தெரிந்தது. பனி மேலே இருந்து அமுக்க, புகை எழும்ப வழியில்லாமல் தெருவிலேயே கிடந்தது.

அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். நான் மேளத்தோடு அவளுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தேன். என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. அத்தை வாசலில் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எதற்கு வைத்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஹெட்லைட் போட்டால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அப்பா இறங்கி வண்டிக்கு முன்னால் ஓடினார். அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டே மாமா ஓட்டினார். அப்பா இருமுவதும் "வா, வா" என்பதும் மாறி மாறிக் கேட்டது. அம்மா தங்கையின் முகத்தை ஈர முந்தானையால் மூடி, தன் முகத்தை அதன் மேல் வைத்திருந்தாள்.

அடுத்த தெரு முனையில் ரோட்டின் நடுவே நெருப்பு. சுற்றி நின்று பையன்கள் மேளம் அடித்ததில் ஹாரன் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா நேராகப் போய் எரிகிற டயரைக் காலால் எட்டி உதைத்தார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத அப்பா அன்றைக்கு என்னென்னவோ வார்த்தைகள் பேசினார். அவரை அப்படிப் பார்த்தது எனக்குப் புகையைவிடப் பயமாக இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் ஆட்டோவைப் பார்த்துவிட்டார்கள். "ஐயோ, நம்ம கொயந்தைடா!" என்று ஓடிப்போய், யார் வீட்டு வாசலிலோ கோலத்துக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி வந்தார்கள்.

"டேய், தண்ணி ஊத்தாதீங்கடா!" என்று மாமா கத்துவதற்குள் ஊற்றிவிட்டார்கள்.

நெருப்பு அவியவில்லை. கறுப்பாக ஒரு பெரும் புகை எழும்பி ஆட்டோவையே மூடிக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூக்கெல்லாம் எரிந்தது. அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் புகைக்குள்தான் பூனை நின்றது.

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காதைத் தங்கை பக்கம் வைத்துக் கேட்டேன். கீச்சுச் சத்தம் குறைந்து குறைந்து, பிறகு இல்லவே இல்லை. அப்பாடா என்று இருந்தது. கும்பிட்ட சாமியெல்லாம் கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"அம்மா, பூனை தூங்கிடுச்சும்மா!" என்றேன். முன்னால் இருந்த மாமாவுக்கும் தெரியட்டும் என்று உரக்கவே சொன்னேன். பூனை மறுபடி முழித்துவிடக்கூடாதே என்று மேளத்தை விரலால் மெல்லத் தட்டித் தாலாட்டவும் தொடங்கினேன்.

அம்மா என் மடியிலிருந்த மேளத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். தங்கையின் நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "டேய், ஏத்துடா வண்டிய!" என்றாள்.

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எரிந்துகொண்டிருந்ததன் மேலேயே ஏற்றினார். வண்டி ஒருபக்கம் தூக்கிப்போட்டது. அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூனைதான் தூங்கிவிட்டதே, இனி என்ன அவசரம்? அப்பாவை ஏன் விட்டுவிட்டுப் போகிறோம்? ஒருமுறைகூட ஒழுங்காக அடிக்காத என் மேளத்தை எதற்கு எறிய வேண்டும்? தங்கை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் மேளத்துக்காக வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

டாக்டர் லுங்கியோடேயே கிளினிக்குக்கு மேலிருந்த வீட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார். ஊசி போட்டார். தங்கையின் முகத்தில் ஒரு மாஸ்கை மாட்டி, மெஷினைப் போட்டார். மாஸ்குக்குள்ளும் புகை மாதிரி ஏதோ வந்ததைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அது மருந்து என்றாள் நர்ஸ். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெருப்பில் ஏறிய அவருடைய டயர் வாசலில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. எனக்கு ஒரே ஏமாற்றம்.

"மறுபடியும் முழிச்சிக்கிச்சு" என்றேன்.

அதைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். "கத்தட்டும்மா, நல்லா கத்தட்டும்" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தூங்கினபோது சத்தம் போட்டாள், முழித்தால் சிரிக்கிறாள். இருமிக்கொண்டே நடந்தே வந்து சேர்ந்த அப்பாவும் வாசலிலேயே நின்று அந்தச் சத்தத்தைத்தான் கேட்டார். கேட்டதும் படியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள் எல்லோருக்கும் புகையில் மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தேன்.

தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் சாம்பிராணி போடுவதில்லை. அத்தை வீட்டிலும் போடுவதில்லை. ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. போன பனிக்காலத்தில் தங்கைக்கு மறுபடி இழுப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டியூட்டியில் இருந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே, "நடுவுல எங்கயாவது இந்தச் சத்தம் நின்னுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நல்லதுங்க. சத்தம் வருதுன்னா காத்து போய்க்கினு வந்துக்கினு இருக்குது. கஷ்டப்படும்போதே சத்தம் நின்னுச்சுன்னா உள்ள காத்தே போகலன்னு அர்த்தம். அப்ப ஒரு நிமிஷம்கூட டைம் இல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்கும் மாமா கதை சொன்னார். கதவை இழுத்துக் காட்டினார், அத்தையின் தூபக்காலைப் பிடித்துக் காட்டினார், பையன்கள் தண்ணீர் ஊற்றியதை நடித்துக் காட்டினார். பிறகு வழக்கம்போல் வண்டியை ஒரே தாவலில் டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் சொன்ன வார்த்தையைச் சொல்லவில்லை. அவருக்கு அது மறந்துவிட்டது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, மாமா என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மோர் கேட்டார்.

அந்தப் புகைக்குள், அந்த ஆட்டோவில், அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.